அருளப்பன் சொன்னது

ஜனவரி 7, ஞாயிறு

இறுதியாண்டுப் படத்துக்கு விஷயம் கிடைத்துவிட்டது. ஒரு மாதமாக நானும் ரிஸ்வானும் தேடியதில் அகப்பட்டதெல்லாம் தாமிரபரணி, கோயில் யானை, அல்வாக் கடை. எங்கள் கல்லூரியில் காட்சித் தொடர்பியல் படித்தவர்கள் எல்லோரும் வருஷாவருஷம் எடுத்துத் தீர்த்தவை. ரிஸ்வானின் வாப்பாதான் சொன்னார், பாளை மார்க்கெட் பக்கம் சைக்கிள் கடை மாடியில் காது கேளாதோர் மன்றம் ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போனால் எல்லோரையும் பார்க்கலாம் என்று.

கதவைத் தட்டினோம். யாரும் வரவில்லை. தட்டினால் யாருக்குக் கேட்கும் என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது. பக்கத்தில் ஒரு சுவிட்ச் இருந்தது. அழுத்தினால் உள்ளே விளக்கு அணைந்து எரிகிறது. அதுதான் அழைப்பு மணி.

உள்ளே நிசப்தமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். காது கேட்காதவர்கள் நாற்காலியை இழுத்தால் எப்படி இருக்கும் என்று இப்போது தெரிந்துகொண்டேன். ஒருவரைக் கூப்பிட வேண்டுமென்றால் தரையில் ஓங்கி மிதிக்கிறார்கள். கேரம் காய்கள் சடசடக்கின்றன. சிரிப்பு தொண்டையிலிருந்து உருண்டு வருகிறது. கீழே சைக்கிள் கடைக்காரர் இதற்கெல்லாம் பழகிவிட்டாராம்.

மன்றத்தின் செயலாளர் பெயர் அருளப்பன். அறுபது வயதிருக்கும். அச்சகத்தில் எழுத்துக் கோர்ப்பவராக இருந்து, பிறகு பைண்டிங் வேலைக்கு மாறியவர். வெள்ளைச் சட்டையில் மடிப்பு கலையாது. அவருக்காகப் பேசியது அவர் மகள் ஹெப்சி.

"அம்மை அப்பா ரெண்டு பேருக்குமே கேக்காது. எனக்கு மட்டும் கேக்கும்" என்றார் ஹெப்சி அக்கா. ஜவுளிக் கடையில் பில் போடுகிறார். எங்களைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். "நீங்க எடுக்கது டிவியில வருமா?"

"காலேஜ்ல போடுவோம்க்கா. நல்லா வந்தா போட்டிக்கு அனுப்புவாவ."

அவர் தன் அப்பாவிடம் கையால் சொன்னார். அப்பா திருப்பிச் சொன்னார். "சரிங்காவ. ஆனா பரிதாபமா எடுக்கக் கூடாதாம். சோக மியூசிக் போடக் கூடாதாம்."

"மியூசிக் இருக்கது அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று ரிஸ்வான் கேட்டுவிட்டான். நான் அவன் காலை மிதித்தேன்.

ஹெப்சி அக்கா கேட்டுச் சொன்னார்: "பாக்கவங்க மூஞ்சியில தெரியுமாம்."

ஜனவரி 10, புதன்

துறைத்தலைவர் ஒப்புக்கொண்டார். "நல்ல சப்ஜெக்ட்மா ஆவுடை. ஆனா மனசத் தொடுற மாதிரி ஒரே ஒரு வரி வேணும். அந்த வரிதான் படத்தைத் தூக்கும். அது கிடைக்கிற வரைக்கும் கேமராவ ஆஃப் பண்ணாத."

வீட்டில் காலையிலிருந்து தண்ணீர் வரவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி. தெருமுனைக் குழாயில் நான்தான் பிடித்தேன்.

ஜனவரி 21, ஞாயிறு

பொங்கல் கழிந்து முதல் படப்பிடிப்பு. நல்ல காட்சிகள் கிடைத்தன. சண்டை வந்தால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத்தான் சண்டை போட முடிகிறது. இரண்டு பேர் சதுரங்கத்துக்காகப் பிடித்த சண்டையில் இரண்டு டீயும் ஆறிப்போயின. ரிஸ்வான் அதை அழகாக எடுத்திருக்கிறான்.

ஹெப்சி அக்கா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்திருந்தார். ஒரு வாய் சாப்பிடுவதற்குள் ஒருவர் வந்து தோளைத் தட்டுவார். கேஸ் கம்பெனிக்கு போன் பண்ணச் சொல்லி ஒருவர், மருமகன் அனுப்பிய குரல் செய்தியில் என்ன இருக்கிறது என்று கேட்டு ஒருவர். வாரத்தில் அவருக்கு ஒருநாள் விடுமுறை, அதுவும் இப்படி.

"எனக்குக் கோயமுத்தூர் பிராஞ்சுக்கு மாத்தல் வந்துச்சு. சூப்பர்வைசர் வேல. போகல" என்றார்.

"ஏன்க்கா?"

"கரண்ட் ஆபீஸ்ல எங்கப்பாவுக்கு யாரு பேசுவா?"

"வீட்டுல நீங்களும் அப்பாவும் நிறையப் பேசுவீங்களாக்கா?"

"அடுப்படியில நிக்கும்போது கை ரெண்டும் வேலையா இருக்கும்லா. எங்க பேச?" சிரித்தார். நல்ல வரி. கேமராவில் சொல்லச் சொன்னேன், மாட்டேன் என்றார்.

அம்மாவைப் பற்றிக் கேட்டேன். "நான் பத்தாவது படிக்கையில எறந்துட்டாவ" என்று சொல்லிவிட்டுப் பாத்திரத்தைக் கழுவ எழுந்து போனார். அதில் பாதிச் சோறு இருந்தது.

ஜனவரி 28, ஞாயிறு

அருளப்பன் ஐயாவின் நேர்காணல்.

ஜன்னலோரம் உட்கார வைத்தோம். கைகள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பின்னால் கறுப்புத் துணி. ஹெப்சி அக்காவைக் கேமராவுக்கு இந்தப் பக்கம், எனக்கு அருகில் நிற்க வைத்தேன். பள்ளிக்கூடம், அச்சகம், மன்றம் எப்படித் தொடங்கியது, எல்லாம் கேட்டேன். சுருக்கமாகச் சொன்னார். கடைசியாக, "இந்த மன்றம் உங்களுக்கு என்ன?" என்று கேட்டேன்.

சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். பிறகு ஆரம்பித்தார். நாலு நிமிஷத்துக்கும் மேலே பேசினார். இதுவரை அவர் கைகள் அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு சைகையையும் முடித்து, நிறுத்தி, அடுத்ததற்குப் போனார்.

ஒரே சங்கடம், அவர் கேமராவைப் பார்க்கவே இல்லை. ஹெப்சி அக்காவைத்தான் பார்த்தார். "கேமராவப் பாக்கச் சொல்லுங்கக்கா" என்று இரண்டு தடவை சொன்னேன். அக்கா சொன்ன மாதிரி தெரியவில்லை. நான் கையை ஆட்டி லென்ஸைக் காட்டினேன். ஐயா என் கையை விலக்குவதுபோல் ஒரு அசைவு செய்துவிட்டுத் தொடர்ந்தார். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்களும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அந்தச் சத்தம் நின்றது ஒலிப்பதிவுக்கு வசதியாக இருந்தது என்று ரிஸ்வான் சொன்னான்.

முடிந்ததும், "என்ன சொன்னாங்கக்கா?" என்றேன்.

ஹெப்சி அக்கா தொண்டையைச் செருமினார். "இது எனக்கு ரெண்டாவது வீடுங்காவ."

துறைத்தலைவர் கேட்ட வரி இதுதான்.

"வேற?"

"அவ்வளவுதான். அதையேதான் சுத்திச் சுத்திச் சொல்லுதாவ." தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, கடைக்குப் போகணும் என்று கிளம்பினார். ஞாயிற்றுக்கிழமை அவருக்குக் கடை கிடையாது. ஸ்டாக் எடுக்கிற நாளாக இருக்கலாம்.

பிப்ரவரி 3, சனி

நாள் முழுக்க எடிட்டிங். ரிஸ்வானோடு சண்டை.

"ஏ ஆவுடை, ஐயா எம்புட்டு நேரம் பேசியிருக்காவ பாரு. அக்கா ஒத்த வரியில முடிச்சிட்டாவ."

"சைகையில சொல்ல நேரமாகும்டே."

"சதுரங்கச் சண்டையில அப்படியா ஆச்சு? படபடன்னு போச்சே." அவன் நிறுத்தி நிறுத்தி ஓட்டிக் காட்டினான். "இதப் பாரு, இந்த இடத்துல கண்ணத் தொடைக்காவ. ரெண்டாவது வீடுன்னு சொல்லதுக்கு யாராவது கண்ணத் தொடைப்பாவளா?"

"நெகிழ்ச்சி."

"வசந்தா டீச்சர்கிட்ட ஒரு தடவ காட்டுவோம். காது கேக்காத பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவங்க. எங்க தெருதான்."

வெள்ளிக்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். இன்னும் வண்ணம் சரிசெய்யவில்லை, தலைப்பு எழுத்துகள் போடவில்லை. சொந்த மகள் சொன்னதை இன்னொருவரிடம் சரிபார்ப்பது அவரை அவமானப்படுத்துவதாகாதா? அதைத்தான் ரிஸ்வானிடம் சொன்னேன். அவன் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டான்.

நாலு நிமிஷம் யாராலும் பார்க்க முடியாது. இருபது நொடிக்கு வெட்டினேன். கண்ணைத் துடைக்கும் இடத்தை வைத்துக்கொண்டேன். அங்கே அந்த வரி வருகிறது. பின்னணியில் லேசாக வயலின். சோகம் இல்லை, மென்மைதான்.

பிப்ரவரி 4, ஞாயிறு

மன்றத்துக்குப் போகவில்லை. வேலை இருந்தது.

பிப்ரவரி 9, வெள்ளி

சமர்ப்பித்தாயிற்று. படத்தின் பெயர் 'ரெண்டாவது வீடு'. துறைத்தலைவர் இரண்டு முறை பார்த்தார். திரையிடலுக்கு மன்றத்தார் எல்லோரையும் அழைத்து வரச் சொன்னார். கல்லூரி வேன் தருவதாகவும் சொன்னார்.

பிப்ரவரி 16, வெள்ளி

இன்று திரையிடல். நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

மன்றத்தார் திருவிழாவுக்கு வருவதுபோல் வந்தார்கள். பெண்கள் தலையில் பூ. அருளப்பன் ஐயா சவரம் செய்து, புதுச் செருப்பு போட்டிருந்தார். முன்வரிசை முழுக்க அவர்கள். ஹெப்சி அக்கா ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகம் சரியில்லை. வேலைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

சதுரங்கச் சண்டைக்கு அரங்கம் சிரித்தது. முன்வரிசையும் சிரித்தது. பிறகு ஐயா திரையில் வந்தார். முன்வரிசையில் இருந்த அத்தனை பேரும் ஒன்றுபோல முன்னால் சாய்ந்தார்கள். அவர்கள் எதற்கோ காத்திருந்தார்கள் என்பது பின்னாலிருந்து பார்த்த எனக்கே தெரிந்தது. கைகள் அசைந்தன. கண்ணைத் துடைத்தார். கீழே எழுத்து வந்தது: 'இது எனக்கு ரெண்டாவது வீடு.' அடுத்த காட்சி, கேரம் பலகை.

ஐயா எழுத்துக் கோர்த்தவர். தமிழை நம் எல்லோரையும்விட வேகமாகப் படிப்பார்.

அவர் திரும்பி மகளைப் பார்த்தார். அக்கா மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடியும்வரை ஐயா திரையின் பக்கம் திரும்பவில்லை.

விளக்குகள் எரிந்தன. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. முன்வரிசையில் மட்டும் ஒரு கையும் உயரவில்லை. அவர்கள் பாராட்டுவதென்றால் இரு கைகளையும் தூக்கி விரல்களை அசைப்பார்கள். துறைத்தலைவர் ஐயாவை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். ஐயா அதைத் தோளிலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்துவிட்டு, அரங்கத்தைப் பார்த்துக் கையால் ஏதோ சொன்னார். மறுபடியும் அதையே சொன்னார்.

"என்னம்மா சொல்றாரு?" என்று துறைத்தலைவர் ஹெப்சி அக்காவிடம் மைக்கில் கேட்டார்.

அக்கா எழுந்தார். வாயைத் திறந்தார். பிறகு பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"உணர்ச்சிவசப்பட்டுட்டாங்க" என்றார் துறைத்தலைவர். "ஐயா நமக்கு நன்றி சொல்றாருன்னு நினைக்கிறேன்."

மறுபடியும் கைதட்டல். நானும் தட்டினேன்.

பிப்ரவரி 17, சனி

அம்மா, "எல்லாரும் பாராட்டியும் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றாள். தலைவலி என்றேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

ரிஸ்வான் என்னைக் கேட்கவே இல்லை. முழு நேர்காணலையும், விழாவில் அவன் எடுத்ததையும் லேப்டாப்பில் போட்டுக்கொண்டு, "வாரியா, நான் மட்டும் போகவா?" என்றான். போனேன்.

வசந்தா டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தடவை முழுக்கப் பார்த்தார். இரண்டாவது தடவை நிறுத்தி நிறுத்தி, அவரே பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தார். நினைவிருக்கிறபடி எழுதுகிறேன்.

"என் பொண்டாட்டி புஷ்பம் ஆஸ்பத்திரியில இருந்தா. டாக்டர் எங்கிட்ட பேசல. என் மகள்ட்ட பேசுனாரு. அவ ஸ்கூல் யூனிபாரத்துல நின்னா. அவர் நெறைய பேசுனாரு. மகள் எம்பக்கம் திரும்பி, சரியாயிரும்னு மட்டும் சொன்னா. நான் வேலைக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தேன், புஷ்பம் இல்ல. அன்னையிலருந்து வீட்டுல மகள் என் மூஞ்சியப் பாக்கதில்ல. அவ பாக்கலைன்னா நான் எப்படிப் பேச முடியும்? இன்னைக்குப் பாத்துத்தான் ஆகணும். இந்தப் பிள்ளை கேள்வி கேட்டிருக்கு, அவ பதில் சொல்லணும். அதனால இங்க வச்சுச் சொல்லுதேன்."

டீச்சர் நிறுத்தினார். தண்ணீர் குடித்தார். மீண்டும் ஓட்டச் சொன்னார்.

"ஹெப்சி, அந்த டாக்டர் மூஞ்சியப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் வேலைக்குப் போனேன். உங்கம்மை சாகதப் பாக்க எனக்கு தைரியமில்ல. நீ சொன்ன பொய்ய நம்புன மாதிரி நடிச்சிட்டுப் போயிட்டேன். தப்பு உன்னோடது இல்ல, என்னோடது. நீ சின்னப் பிள்ளை. மறுபடியும் மாத்தல் வந்தா கோயமுத்தூர் போ. என்னைக் காவல் காக்க வேண்டாம்."

மன்றத்தைப் பற்றி அதில் ஒரு சைகைகூட இல்லையாம். ரெண்டாவது வீடு என்ற பேச்சே இல்லையாம்.

'கேமராவைப் பாருங்கள்' என்று நான் குறுக்கே கையை ஆட்டியதும் அதில் பதிவாகியிருக்கிறது.

"விழாவுல என்ன டீச்சர் சொன்னாங்க?" என்று ரிஸ்வான் கேட்டான்.

டீச்சர் அதையும் பார்த்தார். "நான் சொன்னது இது இல்ல. நான் சொன்னது எங்க? ரெண்டு தடவ கேக்குறாரு." பிறகு எங்கள் இருவரையும் பார்த்து, "இதுக்கா எல்லாரும் கை தட்டுனீங்க?" என்றார்.

பிப்ரவரி 22, வியாழன்

ஹெப்சி அக்காவின் ஜவுளிக் கடை வாசலில் காத்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. எதிரில் இருந்த ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

"ஐயா என்ன சொன்னாங்கன்னு வசந்தா டீச்சர் சொல்லிட்டாங்கக்கா" என்றேன்.

"ம்."

"ஏன்க்கா அப்படிச் சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல?" குரல் உயரவில்லை. "அப்பா கை ஓடிக்கிட்டே இருக்கு. நீங்க என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிய. வாயில வந்ததச் சொன்னேன். மன்றத்துல எல்லாரும் சொல்லுக வார்த்த அதான். பதினாலு வருசமா, நான் பொய் சொன்னதாலதான் அப்பா அம்மையப் பாக்காமப் போயிட்டாவன்னு நெனச்சிக்கிட்டுக் கெடக்கேன். அந்த டாக்டர் சொன்னதுக்குச் சைகை எனக்குத் தெரியாமலா? தெரியும். கை எந்திரிக்கல. அப்பா என்னடான்னா, எனக்கு அப்பமே தெரியும்ங்காவ. ஒங்க லைட்டு முன்னால. அத நான் அங்கனயே நின்னு தமிழ்ல ஒங்களுக்குச் சொல்லணுமாக்கும்?"

ஜூஸ் வந்தது, அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நீங்க ஒரே ஒரு தடவ, 'என்னக்கா, இம்புட்டு நேரம் பேசுனாவளே, இவ்வளவுதானா'ன்னு அழுத்திக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்." கொஞ்சம் யோசித்தார். "சொல்லியிருப்பேனோ என்னமோ. ஆனா நீங்க கேக்கல. அந்த வரியக் கேட்டதும் ஒங்க மூஞ்சி அப்படிப் பூத்துச்சு."

"இப்ப அப்பா?"

"படம் பாத்துட்டு வந்ததுலருந்து கையே எடுக்கல. என்ட்ட மட்டுமில்ல, யார்ட்டயும். நான் அவாள் சொன்னதத் தூக்கி எறிஞ்சிட்டேன்னு நெனைக்காவ." ஜூஸை அவர் தொடவில்லை. எழுந்தபோது கேட்டார், "அது முழுசா ஒங்ககிட்ட இருக்கா? அன்னைக்குப் பாதிக்கு மேல எனக்குக் கண்ணு மறைச்சிருச்சு. அப்பா கடைசியில என்ன சொன்னாவன்னே தெரியாது."

நான் சொல்லியிருக்கலாம். கோயம்புத்தூர் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அவர் அப்பா சொல்ல வேண்டியதை இன்னொரு முறை நான் சொல்லக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன்.

பிப்ரவரி 26, திங்கள்

துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். படத்தைத் திரும்பப் பெற வேண்டும் அல்லது அந்த இடத்தையாவது வெட்ட வேண்டும் என்றேன்.

"போட்டிக்குப் போயாச்சேம்மா. காலேஜ் சேனல்லயும் ஏத்தியாச்சு. கீழ எப்படி எழுதியிருக்காங்கன்னு படிச்சியா? அழுதுட்டேங்கிறாங்க." கொஞ்சம் தணிந்து, "அவர் புகார் ஏதும் கொடுக்கலைல்ல?" என்றார்.

"இல்ல சார்."

"அப்புறம் என்ன? நல்ல வார்த்தைதானே போட்டிருக்கோம். தப்பா ஒண்ணும் போடலையே."

இப்படி ஒரு சமாதானத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். எடிட்டிங் அறையில், என் குரலில்.

மார்ச் 10, ஞாயிறு

விளக்குச் சுவிட்சை அழுத்திவிட்டு நின்றேன். சதுரங்கச் சண்டைக்காரர்களில் ஒருவர் கதவைத் திறந்தார். என்னைக் கண்டதும் ஓரமாக விலகி வழிவிட்டார், சிரிக்கவில்லை. மூன்று வாரமாக மன்றத்துக்கு வராத ஐயாவை ஹெப்சி அக்கா எப்படியோ அழைத்து வந்திருந்தார். ஜன்னலோர நாற்காலியில் கைகளை மடியில் கோர்த்து உட்கார்ந்திருந்தார்.

மன்னிப்புக் கேட்கும் சைகையை வசந்தா டீச்சரிடம் கற்றுக்கொண்டு போயிருந்தேன். அவர் முன்னால் நின்று செய்தேன். ஐயா பார்த்தார். என் விரல்கள் கோணலாக இருந்தன போல. எட்டிப் பிடித்து நேராக்கினார். அவ்வளவுதான். 'பரவாயில்லை' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். சொல்லவில்லை.

ரிஸ்வான் லேப்டாப்பைக் கேரம் பலகைமேல் வைத்தான். மற்றவர்கள் தாங்களாகவே எழுந்து மறுகோடிக்குப் போய்ச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். நமக்குக் காதைப் பொத்திக்கொள்வது போல அவர்களுக்கு அது. எனக்கும் திரும்பிக்கொள்ளத் தோன்றியது. ஆனால் எனக்குத்தான் பார்த்தாலும் புரியாதே.

ஹெப்சி அக்கா குனிந்து திரையைப் பார்த்தார். ஐயா திரையைப் பார்க்கவில்லை, மகள் முகத்தைப் பார்த்தார். டாக்டர் வரும் இடம், யூனிபாரம் வரும் இடம். அக்கா கண்ணீர் வரும்போதெல்லாம் அவசரமாகத் துடைத்துக்கொண்டார், ஒரு சைகையும் தவறிவிடக் கூடாது என்பதுபோல. கடைசிப் பகுதி வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். முடிந்தது. நிமிர்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக ஐயாவை நேருக்கு நேர் பார்த்தார்.

பிறகு அவர் கையால் பேசினார். வேகமாக, இடையிடையே உடைந்து. ஐயாவின் கைகள் மடியிலிருந்து எழுந்தன. அவரும் பேசினார். ஒருவர் பேசும்போதே மற்றவரும் பேசினார். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

கடைசியில் ஐயா என் தோளைத் தட்டினார். லேப்டாப்பைக் காட்டி ஏதோ சொன்னார்.

"அழிச்சிருங்கங்காவ" என்றார் ஹெப்சி அக்கா. "சொல்ல வேண்டிய ஆள்ட்ட சொல்லியாச்சாம். இனி ஒருத்தரும் பாக்க வேண்டாமாம்."

"வேற ஏதாவது சொன்னாங்களாக்கா?" இந்தத் தடவை கேட்டேன்.

"நெறைய சொன்னாவ." முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். "அது ஒங்களுக்கு இல்ல."

ரிஸ்வான் எல்லா இடத்திலிருந்தும் அழித்தான். ஐயா பக்கத்தில் நின்று, ஒவ்வொன்றும் போவதைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்து உறுதிசெய்துகொண்டார்.

அவர்கள் கிளம்பினார்கள். படிக்கட்டு குறுகல். பேச்சு இன்னும் முடிந்திருக்கவில்லை. அதனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி, சுவரில் முதுகு உரச, பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார்கள். கீழே சைக்கிள் கடைக்காரர் எழுந்து வழிவிட்டார்.

அருளப்பன் ஐயா உண்மையில் சொன்னது இனி எந்த வீடியோவிலும் முழுதாக இல்லை. அவர் சொல்லாத ஒரு வரி மட்டும், வயலினோடு, என் பெயர் போட்டு ஓடிக்கொண்டிருக்கிறது.